ஏரிக்கரையில் தூண்டில்காரர்களுக்கு நூறு மீட்டர் ஒதுக்குங்கள்

பெறுநர்: வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர்கள், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அலுவலர்கள், நீர்வளத் துறைப் பொறியாளர்கள், ஏரியுள்ள ஊராட்சிகளின் தலைவர்கள்.

ஐயா, அம்மா, வணக்கம்.

பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் சீமை இது. 2021 நவம்பரில் வந்ததுபோல எப்போதாவது இரு கரையும் தொட்டு ஓடும். மற்ற நாளெல்லாம் நமக்குத் தண்ணீர் என்றால் ஏரிதான். மகேந்திரவாடிக் குடைவரைக் கல்வெட்டு, கோயில் இருக்கும் இடத்தை மகேந்திர தடாகத்தின் கரை என்றே குறிக்கிறது. காவேரிப்பாக்கம் ஏரியும் பல்லவர் காலத்து வெட்டு. ஏரி மீனுக்கு அந்தக் காலத்திலேயே 'பாசிப்பாட்டம்' என்று வரி இருந்தது. இன்றைக்கு நீங்கள் வெளியிடும் 'மீன் பாசி ஏல அறிவிப்பு' வரைக்கும் அந்தச் சொல் உயிரோடு வந்திருக்கிறது.

அந்த ஏல அறிவிப்பில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். பெரிய ஏரி ஒவ்வொன்றிலும் கரையின் நீளத்தில் 100 மீட்டரை, கையில் ஒரு தூண்டிலோடு வருகிறவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் திறந்து விடுங்கள். பொழுதுபோக்குக்கு இடம் கேட்பதாக மட்டும் இதை எண்ண வேண்டாம். இந்த மாவட்டங்களில் மனம் களைத்துப்போன ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதிகச் செலவில்லாமல் கிடைக்கக்கூடிய ஓர் ஆறுதலைப் பற்றிப் பேசுகிறோம்.

இப்போது தூண்டிலோடு ஏரிக்கரையில் உட்கார்ந்தால், மீனை ஏலம் எடுத்த குத்தகைக்காரரின் ஆள் வந்து எழுப்பி விடுவார். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடுகிற ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும் இனங்கள். தேங்கிய ஏரித் தண்ணீரில் அவை தாமாகப் பெருகுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தார்கள். அன்றிலிருந்துதான் பண்ணையில் குஞ்சு பொரித்து ஏரியில் விடுவது நாடெங்கும் பரவியது. அந்த நாளையே தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆகவே ஏரியில் துள்ளும் ஒவ்வொரு கட்லாவும் யாரோ காசு கொடுத்து வாங்கி விட்ட விரலி, அதாவது விரல் நீளக் குஞ்சு. அதைச் சும்மா பிடித்துக்கொண்டு போக உரிமை கேட்கவில்லை. குத்தகைக்காரருக்கு நஷ்டமில்லாத வழியைக் கீழே சொல்லியிருக்கிறோம்.

அதற்கு முன், தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்தில் வைத்துக் காட்டியாக வேண்டும். தூண்டில் போட்டுப் பார்க்காத ஒரு அதிகாரிக்கு இது வேலையற்றவர் வேலையாகத்தான் தெரியும்.

பத்தடிக் கல்மூங்கில் கழி. கழியின் நீளத்துக்கே 0.25 மில்லிமீட்டர் நைலான் நரம்பு. நடுவில் நெட்டியிலோ தேய்ந்த செருப்பு ரப்பரிலோ சீவிய, சுண்டுவிரல் நீளத் தக்கை. கீழே முள். முள்ளுக்கு ஒரு சாண் மேலே சின்ன எடை. இந்த எடையில்தான் சூட்சுமம் இருக்கிறது. தக்கையின் நுனி ஓர் அரிசி நீளம் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கும்படி எடையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். தக்கை பாதிக்கு மேல் மிதந்தால், மீன் இரையை வாயில் வைத்த உடனே இழுப்பை உணர்ந்து துப்பிவிடும். காலையெல்லாம் காத்திருந்தும் ஒன்றும் மாட்டவில்லை என்பவர்களில் பாதிப் பேரின் குறை இதுதான். இரை அழுகியிருக்காது, மீனும் இல்லாமல் இருக்காது, தக்கைதான் கொழுத்திருக்கும்.

அந்த அரிசி நீளத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். சிலேபி மீன் கடித்தால் படபடவென்று இரண்டு மூன்று தட்டுத் தட்டும். அப்போது இழுத்தால் முள் வெறுமையாக வரும். தட்டல் நின்று நுனி பக்கவாட்டில் நகரத் தொடங்கும்போது மணிக்கட்டை மட்டும் சுண்ட வேண்டும். ரோகு வந்தால் முதலில் தக்கையைச் சுற்றி வளையம் வளையமாக நீர் அசையும். பிறகு நுனி சாய்வாக, அவசரமில்லாமல் உள்ளே போகும். அடியில் மேயும் மிர்கால் இரையை எடுத்துக்கொண்டு தலையைத் தூக்கினால் எடையும் கூடவே எழும்பும். தக்கை மூழ்காமல் மேலே எழுந்து படுத்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர் அதைக் காற்று என்று நினைத்து விட்டுவிடுவார். கெளுத்திக்கு இந்த விளையாட்டெல்லாம் கிடையாது. நேரே கீழே ஒரே இழு.

ஒரு மணி நேரம் இப்படி அரிசி நீளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் மனதை அடக்க முயல்வதில்லை. மனம் தானாக அங்கே போய் நிற்கிறது. கடன், மேஸ்திரியின் ஏச்சு, ஆஸ்பத்திரி பில், பிள்ளையின் மதிப்பெண் என்று ஒரே தடத்தில் சுற்றுகிற நினைப்புக்குத் தக்கை ஒரு சின்ன முட்டுக்கட்டை. ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதை விளக்கியிருக்கிறார்கள். கணக்கு எழுதுவது, வண்டி ஓட்டுவது போன்ற வேலைகளில் வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகும். நீர், இலை, மேகம் போல மெல்ல ஈர்க்கும் காட்சிகள் அந்தக் கவனத்தை ஓய்வெடுக்க விடும். தக்கை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மெல்ல ஈர்க்கும், ஆனால் தூங்க விடாது. சும்மா கண்ணை மூடி உட்காரச் சொன்னால் பதற்றம் கூடுகிறவர்களுக்கு இது கைகொடுப்பதற்குக் காரணம் அதுவே என்று எண்ணுகிறோம்.

வேறு சில பலன்களும் உண்டு. காலை ஐந்தரைக்குக் கரைக்கு வந்து சேர வேண்டுமென்றால் இரவு நேரத்தோடு படுக்க வேண்டும். விடிகாலை வெளிச்சம் கண்ணில் படுவது உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்து தூக்கத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரும். கையில் மாவும் புழுவும் ஒட்டியிருப்பதால் செல்போனைத் தொட முடியாது. இருவர் பக்கம் பக்கமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போது, வீட்டில் வாய் திறக்காத ஆணும் நாலு வார்த்தை பேசிவிடுகிறார். பேசாவிட்டாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மன அழுத்தத்துக்கான சிகிச்சைகளிலேயே, மனம் வரும் வரைக்கும் காத்திராமல் ஒரு சின்னச் செயலை நாள் குறித்துச் செய்யச் சொல்லும் முறை ஒன்று உண்டு. இரை பிசைவது, முள் கட்டுவது, கிளம்புவது என்று அதற்குத் தோதான சின்னச் சின்னப் படிகள் தூண்டிலில் இருக்கின்றன.

தூண்டில் மருந்துக்கு மாற்று என்று நாங்கள் ஒருபோதும் சொல்ல மாட்டோம். தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல் வாரக்கணக்கில் இருப்பவர் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைப் பார்க்க வேண்டும், அல்லது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்க வேண்டும். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வருகிறவரை நீர்நிலைக்குத் தனியாக அனுப்பவே கூடாது. பணம் கட்டிப் பந்தயத்துக்குத் தூண்டில் போடுவதும் வேண்டாம், ஆறுதலைச் சூதாட்டமாக்கிவிடும்.

யார் வருவார்கள் என்று கேட்பீர்கள். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஷிப்ட் முடித்து வரும் தோல், ஷூ கம்பெனித் தொழிலாளர்கள். குடியாத்தத்துப் பீடி சுற்றுகிறவர்கள். ஓய்வு பெற்றவர்கள். இவர்களைத் தாண்டி வேலூருக்கே உரிய ஒரு கூட்டமும் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு நோயாளியோடு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, வாரக்கணக்கில் லாட்ஜ் அறையில் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்கும் சொந்தக்காரர்கள். அவர்களில் பலர் வீட்டுக் குளத்தில் தூண்டில் போட்டு வளர்ந்தவர்கள். மொழி தெரியாத ஊரில், கவலையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஓட்டேரிக் கரையிலோ கழிஞ்சூர் ஏரிக் கரையிலோ ஒரு காலைப்பொழுது கிடைத்தால் அது எவ்வளவு பெரிய உபகாரம்! தக்கையைப் பார்க்க மொழி வேண்டாம்.

செலவு அதிகமில்லை. மூங்கில் கழி, நரம்பு, பத்து முள், தக்கை எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் முடியும். முள் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எண் ஏற ஏற முள் சிறுக்கும். சிலேபிக்கும் சின்னக் கெண்டைக்கும் 10ஆம் எண், அரைக் கிலோவுக்கு மேற்பட்ட ரோகு, மிர்காலுக்கு 6ஆம் எண் போதும். பெரிய முள் போட்டால் பெரிய மீன் வரும் என்பது பலர் நம்பும் பொய். வாய்க்குள் போகாத முள்ளில் எதுவும் மாட்டாது. முடிச்சுக்கு, நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, தன்மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியை முதல் வளையத்துக்குள் விட்டு இறுக்க வேண்டும். இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். காய்ந்த நைலானை வெடுக்கென்று இறுக்கினால் உரசல் சூட்டில் அந்த இடம் பலமிழந்து, மீன் துள்ளும்போது சரியாக முடிச்சிலேயே அறும். வெயிலில் கிடந்த பழைய நரம்பும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

இரைக்கு நம் ஊரில் குறைவே இல்லை, வேர்க்கடலை விளையும் பூமியல்லவா. கோதுமை மாவு 100 கிராம், இடித்துச் சலித்த கடலைப் பிண்ணாக்கு 50 கிராம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசைந்து, பத்து நிமிஷம் ஈரத்துணியில் மூடி வைக்க வேண்டும். முள்ளில் நிற்காமல் கரைந்தால் ஒரு சிட்டிகைப் பஞ்சைப் பிய்த்துப் பிசைந்துகொள்ளலாம். சுண்டைக்காய் அளவு உருட்டி, முள்ளின் முனை மட்டும் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். மண்புழு என்றால் எடுத்த மண்ணோடேயே நிழலில் வைத்திருக்க வேண்டும். தண்ணீரில் கழுவிப் போட்டால் அரை நாளில் சாகும். மீனைக் கூட்டுவதற்குத் தவிட்டு உருண்டை எறிகிறவர்கள் எலுமிச்சை அளவில் மூன்று நான்கோடு நிறுத்த வேண்டும். மீன் தின்னாமல் விட்ட தவிடு அடியில் அழுகி, நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

ஆழம் பார்க்காமல் போடுவது அடுத்த தவறு. முள்ளில் ஒரு இரும்பு நட்டைக் கோத்து இறக்கினால் அடி எங்கே இருக்கிறது என்று தக்கை சொல்லிவிடும். இரை அடிக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி தக்கையை நகர்த்த வேண்டும். கட்லாவுக்கு மட்டும் கணக்கு வேறு. அதன் வாய் மேல்நோக்கித் திறப்பது, மேல்மட்டத்தில் மேய்வது; ஆகவே இரண்டடி ஆழம் போதும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் நாளில் மிதக்கும் தீனியெல்லாம் கிழக்கே ஒதுங்கும். நம் பக்கத்தில் பல ஏரிகளுக்குக் கரையே கிழக்கில்தான், ஏரியில் தண்ணீர் மிச்சமிருந்தால் அந்த மாதம் கரைக்கே மீன் வரும். பச்சை படர்ந்த ஏரியில் விடியலுக்கு முன்னால் போவதில் பயனில்லை. பாசி இரவெல்லாம் மூச்சு விட்டு ஆக்சிஜனைக் குறைத்திருக்கும்; மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும், இரையைத் தொடாது. வெயில் ஏறி ஏழு, ஏழரைக்கு மேல்தான் கடிக்கும்.

இப்படி மீன் வாய் பிளப்பதை முதலில் பார்க்கிறவர் தூண்டில்காரர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். நிறம் மாறிய தண்ணீர், நுரை, திடீரென்று மிதக்கும் செத்த மீன், வெடி, மருந்து, கரண்ட் வைத்துப் பிடிக்கிறவர்கள் எல்லாம் அவர் கண்ணில் முதலில் படும். வெடியும் விஷமும் 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். ஆனாலும் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாததால் நடக்கிறது. தினமும் காலையில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும் ஏரியில் அதைச் செய்வது கடினம். ஊதியமில்லாத காவல் உங்களுக்குக் கிடைக்கும். புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணைக் கரையில் பலகையாக வையுங்கள், போதும்.

தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டங்களில் மீனைப் பற்றிப் பேச முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாடு முழுக்க நிலைநாட்டிய தீர்ப்பு அது, நம் மண்ணிலிருந்து போனது. கழிவின் குரோமியம் தண்ணீர் தெளிந்த பின்னும் அடிச்சேற்றில் தங்கும். எனவே வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கத்து ஏரிகளில் தூண்டில் இடம் திறக்குமுன் நீரையும் சேற்றையும் மீன் தசையையும் பரிசோதித்து, முடிவைத் தேதியோடு தமிழில் கரையில் எழுதி வைக்க வேண்டும். பரிசோதனை வரும்வரை அந்த ஏரிகளில் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவது என்று நாங்களே விதியாக வைத்துக்கொள்கிறோம். மன ஆறுதலுக்கு வந்தவர் விஷத்தை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.

மீனைத் திரும்ப விடுவதற்கும் முறை உண்டு. முள்ளின் உள்வரியை, அதாவது முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூரை, குறட்டால் நசுக்கிவிட்டால் முள் வழுக்கி வெளியே வரும். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். காய்ந்த கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும், பிறகு பூஞ்சை பிடித்துச் சாகும். தலை முன்னோக்கி இருக்கத் தண்ணீருக்குள் பிடித்து, தானாக உதறிப் போகும்வரை விடக் கூடாது. கோரை ஓரத்தில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் பந்து போல மேலே வந்து போனால் அடியில் பெற்ற விரால் காவலிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் அதன் பக்கம் தவளையோ புழுவோ போடுவது பாவம். அதைப் பிடித்தால் சீக்கிரமே மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். சிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும், கண்ணாடித் தொட்டியிலிருந்து யாரோ கொண்டுவந்து விட்ட சக்கர் மீனும் வேறு கணக்கு. மாசில்லாத ஏரி என்றால் மாட்டிய சிலேபி குழம்புக்குப் போகட்டும். மற்ற இரண்டும் எந்த ஏரியானாலும் திரும்பத் தண்ணீருக்குப் போகக் கூடாது. விரால், குரவை, ஆரால் எல்லாம் அவற்றாலும் ஒடுங்குகின்றன.

ஆபத்துகளை மறைத்து அனுமதி கேட்பது எங்கள் எண்ணமில்லை. கெளுத்தியின் முதுகில் ஒன்று, இரு செவுள் பக்கம் ஒவ்வொன்று என மூன்று முள் உண்டு. குத்தினால் கை முழங்கை வரைக்கும் கடுக்கும். தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் கையை வைத்தால் வலி இறங்கும். ஐஸ் வைக்கக் கூடாது. தூண்டில் முள் விரலில் ஏறினால், நசுக்கிய முள் என்றால் வந்த வழியே வரும். நசுக்காத முள் என்றால் இழுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்து, டி.டி. ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மழைக்குப் பிறகு வெறுங்காலோடு சேற்றில் நின்றால் எலிக்காய்ச்சலுக்கு வழி. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, ஏரிக்குள் மண் எடுத்த பள்ளங்கள். முழங்கால் தண்ணீரில் நடப்பவர் அடுத்த எட்டில் பத்தடி ஆழத்துக்குள் போய்விடுவார். ஆகவே தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்பது முதல் விதி. ஒவ்வோர் இடத்திலும் 20 மீட்டர் கயிறும், அதன் நுனியில் மூடி இறுக்கிய 5 லிட்டர் காலிக் கேனும் தொங்க வேண்டும். நீந்தத் தெரியாதவரும் எறியலாம், விழுந்தவர் பிடித்து மிதக்கலாம். மின்கம்பி போகும் இடத்தையும் மதகையும், உபரிநீர் வழியும் கலங்கலையும் விட்டுத் தள்ளியே அந்த நூறு மீட்டர் அமைய வேண்டும். ஏரி நிரம்பிக் கோடி போகும் நாட்களில் முழுவதுமாக மூடிவிடலாம். மோர்தானா போன்ற, யானை வந்துபோகும் காட்டோர அணைகளையும், தொல்லியல் துறை பாதுகாப்பிலுள்ள வேலூர்க் கோட்டை அகழியையும் நாங்கள் கேட்கவில்லை.

அறுந்த நைலான் நரம்பு கொக்கின் காலையும் நீர்க்காகத்தின் சிறகையும் சுற்றினால் அவை துடித்துச் சாகும். அதற்கும் செலவில்லாத வழி இருக்கிறது. நாலு அங்குல பிளாஸ்டிக் குழாயை இரண்டடிக்கு வெட்டி, அடியை மூடி, கம்பத்தில் கட்டிவிட்டால் துண்டு நரம்பைப் போட இடமாகும். ஈயக்குண்டுக்குப் பதில் இரும்பு நட்டைக் கட்டுவதை விதியாக்குங்கள். ஈயத்தை விழுங்கும் பறவைக்கு அது நஞ்சு.

ஒரு வேண்டுகோளை அழுத்தியே சொல்ல வேண்டும். இதை அழகுபடுத்தும் திட்டமாக்கி, கரைக்குச் சிமென்ட் பூசி, கோரையையும் சம்பையும் வழித்துவிட வேண்டாம். விரால் கூடு கட்டுவது அந்தக் கோரையில்தான். மண் கரை, ஒரு வேப்பமர நிழல், பெண்களும் நம்பி வரும்படி ஒரு கழிப்பறை, குடிதண்ணீர் இருந்தால் போதும். பரம்பரையாக ஏரியில் கையாலும் கூடையாலும் மீன் பிடித்து உண்ணும் இருளர் குடும்பங்களை இந்த ஒதுக்கீட்டைக் காரணம் காட்டி யாரும் விரட்டக் கூடாது. அவர்கள் உரிமைக்குப் பிறகுதான் எங்கள் ஆறுதல்.

மனநலப் பிரிவுகளுக்கு வாரத்தில் ஒரு காலையை ஒதுக்கலாம். சி.எம்.சி.யின் பாகாயத்து மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது நெடுநாள் வழக்கம். சொந்தக்காரர் கூட இருப்பதை மருந்தின் ஒரு பாகமாகவே பார்க்கும் ஊர் இது, ஆகவே இதுவும் இங்கே எளிதில் வேர் பிடிக்கும். மருத்துவர் அனுமதித்த ஆறு பேர், ஒவ்வொருவருக்கும் வீட்டார் ஒருவர், தூண்டில் தெரிந்த இருவர், மொத்தம் ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். வயதானவர்க்கு நாற்காலி. கழி மட்டும், ரீல் வேண்டாம். சிக்கல் விழுந்தால் பதற்றம்தான் கூடும். முதல் நாள் சிலேபி நிறைந்த ஓரமாகப் பார்த்து உட்கார வைக்க வேண்டும். சீக்கிரம் ஒன்று மாட்டினால் அடுத்த வாரம் தானாக வருவார். லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் வியர்த்துத் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கால் மணிக்கொரு முறை தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டும். சில மனநல மருந்துகளால் தோல் வெயிலைத் தாங்காது. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் எட்டரைக்குள் எழுந்துவிட வேண்டும்.

வரும் ஏல அறிவிப்பில் சேர்க்க வேண்டிய வாசகத்தை நாங்களே எழுதித் தருகிறோம். சட்டச் சொற்களை உங்கள் அலுவலகம் திருத்திக்கொள்ளட்டும்:

"மதகு, கலங்கல், மின்பாதை ஆகியவற்றிலிருந்து விலகிய 100 மீட்டர் கரை, ஐந்து மீட்டருக்கு ஒருவராக 20 இடங்களாக எண்ணிடப்பட்டு, காலை 5.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் கைத்தூண்டிலுக்குத் திறந்திருக்கும். ஒருவருக்கு ஒரு கழி, ஒரு முள். நுழைவுச் சீட்டு 20 ரூபாய். அது முழுவதும் குத்தகைதாரரைச் சேரும். வீட்டுக்குக் கொண்டுபோவது ஒரு கிலோவுக்கு மேற்பட்டால், கூடுதல் எடைக்குக் கரை விலையைக் குத்தகைதாரருக்குச் செலுத்த வேண்டும். சிலேபிக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் எடை வரம்பு இல்லை. ஏரியில் பரிசோதனை முடிவு அறிவிக்கப்படாதவரை, உண்பதற்காக மீனை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. வலை, வெடி, மருந்து, மின்சாரம், மது ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை."

முதல் வருஷம் மாவட்டத்துக்கு ஒரே ஒரு ஏரியில் தொடங்கினாலும் போதும். இடம் அளக்கவும், எண் பலகை நடவும், குழாய் கட்டவும், புதிதாக வருகிறவர்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுத்தரவும் நாங்கள் ஆள் தருகிறோம். மழைக்கு முன் ஒரு நாள் குறித்துக் கரைக்கு வந்து பாருங்கள். தண்ணீர் வற்றியிருக்கும்போதுதான் பள்ளம் எங்கே என்று தெரியும்.

இப்படிக்கு,
வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத் தூண்டில்காரர்கள்